வாய் திறந்த வீரரும் பயிற்சியாளர் பதவியும்

கல்லூரி ஒன்றிற்கு விளையாட்டுப் பயிற்சியாளர் வேண்டும். விண்ணப்பித்தவர்களுள் ஒருவர் முன்னாளில் பெயர் பெற்ற வீரர், பதக்கங்கள் வென்றவர், பயிற்சிப் பட்டயமும் உடையவர். ஆயினும் அவர் ஒரு காலத்தில், தமக்கோ தம்மை ஒத்தவர்க்கோ இழைக்கப்பட்ட அநீதியைப் பலரறியக் கண்டித்தவர். விளையாட்டுச் சங்கத்தாரோடு மோதியவர். தேர்வுக் குழுவினர் அந்தப் பழைய செய்தியைத் தகுதியாகக் கொள்வதா, குறையாகக் கொள்வதா, அன்றிக் கண்டும் காணாதவராய் இருந்துவிடுவதா? அமெரிக்கக் கல்லூரிகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வரும் இக்கேள்வி நம் நாட்டிற்கும் புதியதன்று. நம்மிடம் அது வேறு வேடம் பூண்டு வருகிறது, அவ்வளவே.

நான் வாழும் காக்ஸ் டவுன் பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியைச் சேர்ந்தது. 1947 வரை ஆங்கிலேயரின் நேர் ஆட்சியில் இருந்த அத்தண்டில், பட்டாளத்தோடும் வாணிகத்தோடும் வந்து குடியேறிய தமிழர் தொகை மிகுதி. அவர்தம் பிள்ளைகளுக்கு ஆட்டக்களம் எளிதில் கிட்டிய ஒன்றாயிருந்தது. அலுவலகத்தில் நுழைய மொழி வேண்டும், பரிந்துரை வேண்டும். பந்தை உதைக்க இரண்டும் வேண்டா. 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது பெங்களூர் முஸ்லிம் சங்கம். 1948-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் பிரெஞ்சு அணிக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர்; கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் தவறவிட்டு 1-2 என்ற கணக்கில் தோற்றனர். அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசும்போது இன்றும் தண்டுவாசிகளின் குரலில் பெருமிதமே மேலோங்கி நிற்கிறது.

இதை இங்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்குப் பயிற்சியாளர் யார் என்பது சிறிய செய்தியன்று. பிள்ளையை அணியில் சேர்ப்பவர் அவர். விளையாட்டு ஒதுக்கீட்டிற்குரிய சான்றிதழில் கையொப்பமிடுபவர் அவர். ரயில்வேயிலோ பட்டாளத்திலோ ஆள் எடுக்கிறார்கள் என்றால் சொல்லி அனுப்புபவரும் அவர்தாம். உற்றார் உறவினர் துணையில்லாத ஊரில் அவருடைய மனம் எத்தகையது என்பதைப் பொறுத்தே ஓர் இளைஞனின் வாழ்க்கை இப்பக்கமோ அப்பக்கமோ சாய்கிறது.

பயிற்சியாளருக்கும் கல்வித் தகுதி வேண்டும் என்ற எண்ணம் தென்னாட்டில் முன்னதாகவே தோன்றியது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். விடுதலைக்குப் பின், 1953-இல் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரால் பயிற்சித் திட்டம் ஒன்று எழுந்தது. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. ஹாக்கி மேதை தியான் சந்த் அங்கே தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். இவை யாவும் திறமையை வளர்க்கவும் அளக்கவும் ஏற்பட்ட கருவிகள். குணத்தை அளப்பதற்கு நம் அலுவலகங்கள் கையாளும் கருவி மிகச் சிறியது. அதன் பெயர் நன்னடத்தைச் சான்றிதழ். ‘நன்று’ என்ற ஒரு சொல் நீங்கலாக அதில் பெரும்பாலும் வேறொன்றும் எழுதப்படுவதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத மறுக்கும் அதிகாரம் சாமானியமானதன்று. கேள்வி கேட்ட மாணவன் அதைப் பெற எத்தனை முறை படியேறி இறங்க வேண்டும் என்பதைக் கல்லூரியில் படித்தோர் அறிவர்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டுப் பெரும் வீரர்களுள் பலர் அரசாங்க ஊழியர். ரயில்வே, போலீஸ், பட்டாளம் ஆகியவற்றின் சம்பளத்தில் ஆடுபவர்கள். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகளும், 1966-ஆம் ஆண்டின் ரயில்வே நடத்தை விதிகளும் அரசாங்கத்தை வெளிப்படையாகக் குறைகூறலாகாது என்று வரம்பிடுகின்றன. இத்தகைய விதிகளை மொழிபெயர்ப்பதே என் தொழில். ஆங்கிலத்தில் சற்று நெளிந்து நிற்கும் வாசகம் தமிழில் வரும்போது நிமிர்ந்து நின்றுவிடுவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். ஆகவே நம் வீரர் ஒருவர் வாய் திறக்கிறார் என்றால், பதக்கத்தோடு மாதச் சம்பளத்தையும் பணயம் வைத்தே திறக்கிறார்.

நம் நாட்டில் இத்தகைய எதிர்ப்புக்குப் பழைய சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. 1876-இல் இன்றைய கர்நாடகத்தின் தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் ஐரோப்பியர் சங்கத்து மைதானத்தைப் பராமரிக்கும் வேலையிலிருந்து உயர்ந்தவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்னும் ஒரே காரணத்தால் பம்பாய் இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டு வந்தது. 1920-ஆம் ஆண்டுப் போட்டிக்கு அவரை அணியிலிருந்தே நீக்கியபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் அறிக்கை விடுத்து ஆட்டத்தினின்று விலகினர். பம்பாயில் அது பெருங்கிளர்ச்சியாயிற்று. சங்கத்தார் இறங்கிவந்து பாலுவைத் துணைத் தலைவராக்கினர். 1923-இல் விட்டலே அணித்தலைவரானார்; அவ்வாண்டில் இந்து அணி வென்றது. விலகிப்போன குற்றத்திற்காக விட்டலை நிரந்தரமாக விலக்கி வைத்திருந்தால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விட்டல் எதிர்த்ததற்காகத் தலைவராக்கப்படவில்லை. ஆடத் தெரிந்தவர், ஆட்டத்தை நடத்தவும் தெரிந்தவர் என்பதால் ஆக்கப்பட்டார். எதிர்ப்பு செய்த வேலை, அடைத்திருந்த கதவைத் திறந்தது மட்டுமே.

அமெரிக்காவின் கதைக்கு வருவோம். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது பெரும் பணம் புரளும் துறை. பயிற்சியாளர் அதில் குறுநில மன்னர். 1968 அக்டோபர் 16 அன்று மெக்ஸிகோ நகரில் 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டாமி ஸ்மித்தும், மூன்றாவதாக வந்த ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்ற காட்சியை நேயர்கள் படத்தில் கண்டிருப்பர். இருவரும் அணியினின்று விலக்கப்பட்டனர். ஒலிம்பிக் கிராமத்தை விட்டும் அனுப்பப்பட்டனர். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், மனித உரிமைச் சின்னத்தை மட்டும் மார்பில் அணிந்து நின்றார். அவர் ஓடிய 20.06 விநாடி என்ற ஆஸ்திரேலிய சாதனையை 2024 டிசம்பர் வரை எவரும் முறியடிக்கவில்லை. ஆயினும் 1972 ஒலிம்பிக்கிற்கு அவர் அனுப்பப்படவில்லை. அந்தச் சின்னம்தான் காரணமா என்பது பற்றி அந்நாட்டில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. 2012-இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டாமி ஸ்மித்தைப் பயிற்சியாளராக அமர்த்தத் துணிந்தது ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி. கறுப்பின மாணவரை 1830-களிலேயே சேர்த்துக்கொண்ட பெருமை உடையது அது. 1972-இல் அங்கே விளையாட்டுத் துறைத் தலைவராக வந்த ஜாக் ஸ்காட், பயிற்சியாளரின் சர்வாதிகாரத்தை எதிர்த்து எழுதி வந்தவர். அவர் ஸ்மித்தை ஓட்டப் பயிற்சிக்கு அமர்த்தினார். இரண்டே ஆண்டுகளில், 1974-இல், ஸ்காட் அக்கல்லூரியை விட்டு நீங்கினார். ஆதரித்தவர் போனபின் அவரால் வந்தவர் நிலை என்னவாகும் என்பது அரசாங்க அலுவலகங்களில் பழகிய நமக்கெல்லாம் தெரிந்ததே. ஸ்மித்தோ மேலும் சில ஆண்டுகள் அங்கே நீடித்தார். பின்னர்க் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கல்லூரியில் 2005 வரை பணிபுரிந்து ஓய்வு பெற்றார். முஷ்டி உயர்த்தியவர் என்ற புகழ் மட்டும் அவ்வளவு காலம் சோறு போட்டிராது. அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் 43.86 விநாடியில் உலக சாதனை படைத்து, கறுப்புத் தொப்பியுடன் மேடையேறிய லீ எவன்ஸ், பிற்காலத்தில் நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் பயிற்சியளித்து, 2021-இல் நைஜீரியாவிலேயே காலமானார்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை வேறு இரண்டு சம்பவங்கள். 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் பதினால்வர், எதிரணிக் கல்லூரியை நடத்திய திருச்சபையின் நிறபேதக் கொள்கையைக் கண்டிக்கும் பொருட்டுக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஆடலாமா என்று கேட்கத் தம் பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் சென்றனர். கேட்கத்தான் சென்றனர். அவர் பதினால்வரையும் அக்கணமே அணியினின்று நீக்கிவிட்டார். அதுவரை தோல்வியறியாதிருந்த அவ்வணி, மறு ஆண்டில் ஒரே ஒரு வெற்றியும் ஒன்பது தோல்விகளும் கண்டது. ஈட்டனின் பயிற்சியாளர் பதவியும் அத்துடன் முடிந்தது. 2019-இல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த ஆண்டு, 1970-இல், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆட்டக்காரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். பத்திரிகைகள் எண்ணுவதில் தவறி அவர்களை ‘சிரக்யூஸ் எண்மர்’ என்றே அழைத்துப் பெயரை நிலைக்கச் செய்துவிட்டன. அவர்கள் கேட்டவை என்ன? காயத்திற்கு நல்ல மருத்துவம், படிப்பிற்கு உதவி, தகுதியைப் பார்த்து அணியில் இடம். இவற்றோடு, பயிற்சியாளர் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர். பயிற்சியாளரை அமர்த்துவதில் ஆடுபவருக்கும் சொல் இருக்க வேண்டும் என்று கேட்டதே அக்காலத்தில் பெருங்குற்றமாயிற்று. அவர்களுடைய ஆட்ட வாழ்வு பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. 2006-இல் பல்கலைக்கழகம் அவர்களை அழைத்துப் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

நம் நாட்டில் டென்னிஸ் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுத் தருகிறது. 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டிய இந்தியா, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைக் கண்டித்து ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவிற்குப் போயிற்று. சென்னைச் சகோதரர் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இறுதிச் சுற்றில் ஆட வாய்த்த வாய்ப்பை இழந்தனர். அந்த எதிர்ப்பு அரசாங்கம் எடுத்த முடிவு. ஆகவே அது நாட்டின் பெருமையாயிற்று. 2013 ஜனவரியிலோ, சென்னையில் ஆடிப் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் முதலிய ஆட்டக்காரர் பலர் சங்கத்தாரை எதிர்த்து நின்றனர். பயிற்சியாளரையும் அணித்தலைவரையும் அமர்த்துமுன் ஆடுபவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. சோம்தேவ் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திற்காக ஆடி, 2007, 2008 ஆண்டுகளில் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றவர். அதனாலோ என்னவோ அவருக்கு அக்கேள்வி இயல்பாக வந்தது. முன்னணி ஆட்டக்காரர் பலர் இன்றித் தென் கொரியாவிடம் இந்தியா 1-4 எனத் தோற்றது. ஆனால் 2014-ஆம் ஆண்டு ஆட்டங்களில் ஆனந்த் அமிர்தராஜ் ஆடாத் தலைவராகவும் ஜீஷான் அலி பயிற்சியாளராகவும் இருந்தனர். எதிர்த்த சோம்தேவும் அணியில் இருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் எங்கள் ஊர்க் கப்பன் பூங்கா அரங்கில் செர்பியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்த இந்தியா, 2-2 எனச் சமன் செய்து, கடைசி ஆட்டத்தில் தோற்றது. தோற்றாலும் அது ஓர் அணியாக ஆடிய ஆட்டம்.

அரசாங்கம் எதிர்த்தால் கொள்கை. ஆடுபவர் எதிர்த்தால் ஒழுங்கீனம்! இந்த இரட்டை அளவுகோல் இருக்கும் வரை, ‘பழைய செய்திகளை நாங்கள் பார்ப்பதில்லை’ என்று தேர்வுக் குழு சொல்வதில் பொருளில்லை. அது ஏற்கெனவே பார்த்தாயிற்று.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் கதையை நம்மவர் எல்லோரும் அறிவர். ஆயினும் அதன் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள்; 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அப்போது அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஆனால் நிலையான வேலை இல்லை. 2012-இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. தமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதைச் சொல்வதை அவர் நிறுத்தவே இல்லை. பத்திரிகைகளிடம் சொன்னார், ஆணையத்தில் முறையிட்டார். பிறகு பெங்களூரில், காக்ஸ் டவுனுக்கு நகரின் மறுகோடியில், ஞானபாரதி வளாகத்தை ஒட்டிய விளையாட்டு ஆணைய நிலையத்தில் சேர்ந்து பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் ஓட்டப் பயிற்சியாளராக முதலில் தற்காலிகமாகவும், 2016-இல் நிரந்தரமாகவும் அமர்த்தப்பட்டார்.

இதில் இரு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. பட்டயம் இல்லாமல் அந்த வேலை தரப்பட்டிருந்தால் அது இரக்கத்தின் பேரில் இட்ட பிச்சையாகி, அவரிடம் பயிலும் மாணவியின் கண்ணிலேயே அவரைச் சிறுமைப்படுத்தியிருக்கும். பட்டயம் மட்டும் இருந்து, பத்தாண்டுகள் அவர் வாய் மூடியிருந்திருந்தால், அந்தப் பட்டயத்தை எடுத்துப் பார்க்க எவரும் இருந்திருக்கமாட்டார்கள். மேலும், சோதனை என்ற பெயரால் இளம் பெண் ஒருத்தி ஆளாகக்கூடிய அவமானத்தை அறிந்தவர் அவர். சூதுவாதறியாத கிராமத்துப் பெண்ணை எந்த இடத்தில் காப்பாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. 2015 ஜூலையில் ஒடிசாவின் தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அத்தகைய விதியொன்றை நிறுத்திவைத்தபோது, சாந்தி ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தது வீண்புலம்பல் அன்று என்பது வெளியாயிற்று.

மறுப்போர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. மேலோரை எதிர்த்தவர் கீழோரிடம் இனியவராயிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. போராட்டத்தில் முன்னின்றவர் மைதானத்தில் கொடுங்கோலராய் மாறுவதும் உண்டு. பயிற்சியாளரின் அரசியல் மாணவர்மேல் திணிக்கப்படலாகாது என்ற கவலையும் தக்கதே. எதிர்ப்பைத் தகுதியாக எண்ணி மதிப்பெண் போடத் தொடங்கினால், நாளை எதிர்ப்பும் ஒரு சான்றிதழ் ஆகிவிடும்; அதைச் சம்பாதிக்கவும் வழிகள் ஏற்படும். ஆகவே எதிர்த்தார் என்பதற்காக மதிப்பெண் தருவதை நான் ஏற்கமாட்டேன். குறைப்பதைச் சற்றும் ஏற்கமாட்டேன். ஆனால் விண்ணப்பித்தோர் அனைவரிடமும், எதிர்த்தவரிடமும் எதிர்க்காதவரிடமும் ஒருங்கே, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உங்களிடம் பயின்றவர் ஒருவர் குறை சொல்லி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? லாயிட் ஈட்டன் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நின்றிருப்பார். 2015-இல் மிஸௌரி பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர்கள் நிறபேதத்தைக் கண்டித்து ஆட மறுத்தபோது, அவர்கள் பக்கம் நின்ற பயிற்சியாளர் கேரி பிங்கெல் விடை சொல்லியிருப்பார்.

இக்கேள்வி இப்போது நமக்கு அவசரமான ஒன்று. 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் சாக்ஷி மாலிக்கும் வினேஷ் போகட்டும், வீரர் பஜ்ரங் புனியாவும் டில்லியின் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மேல் பாலியல் துன்புறுத்தல் புகார் கூறினர், அவர் மறுத்தார், வழக்கு நீதிமன்றம் சென்றது. மூவரும் அப்போது ரயில்வே ஊழியராய் இருந்தனர். அவ்வாண்டு மே 28 அன்று போலீசார் அவர்களைப் பிடித்துச் சென்றதோடு வழக்கும் பதிவு செய்தனர். டிசம்பரில் சாக்ஷி மல்யுத்தத்தை விட்டே விலகினார். அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிலையத்தையும் அரங்கையும் ‘பணியிடம்’ என்றே பெயர் சொல்லி உள்ளடக்குகிறது. ஆயினும் அச்சட்டத்தை மாணவியர்க்கு எடுத்துச் சொல்லும் பயிற்சியாளர் எத்தனை பேர்?

தன் மகளை மல்யுத்தத்திற்கோ ஓட்டத்திற்கோ அனுப்பும் பெங்களூர்த் தமிழ்த் தாய் ஒருத்தி, கல்லூரியில் பயிற்சியாளர் யார் என்று விசாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த பெண்களுள் ஒருவர் பட்டயம் பெற்று அக்கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறார். விண்ணப்பப் படிவத்தில் ‘உம்மீது வழக்கு ஏதேனும் பதிவாகியுள்ளதா’ என்றொரு கட்டம் இருக்கும். அவர் உண்மையை எழுதினால், எழுத்தர் அந்தக் காகிதத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்; குழுவின் முன் அது வாராமலே போகக்கூடும். அப்படி எடுத்து வைத்தால், இன்ன காரணத்தால் வைத்தேன் என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளலாம். ஒரே வரிதான். மொழிபெயர்ப்பதற்கும் எளிது.